நம்பிக்கை எத்தனை மில்லிகிராம்?

வயிற்று வலியா, அப்பரின் திருவதிகைப் பதிகம். குளிர்காய்ச்சலா, சம்பந்தரின் திருநீலகண்டம். என்ன காய்ச்சல் என்றே பிடிபடவில்லையா, திருநீற்றுப் பதிகம். பிள்ளைக்கு வலிப்பு என்றால் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பாடியது, கண்ணில் கோளாறு என்றால் சுந்தரர் காஞ்சியில் பாடியது. கோயிலில் ஓதுவாராக இருப்பவனிடம் ஊர் இப்படித்தான் வந்து நிற்கும். தருமபுரத்துப் பாடசாலையில் பண்முறை படித்துவிட்டு வந்த நாளிலிருந்து நானும் மருந்துக் கடைக்காரரைப் போல அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாடுவேன். திருநீறு இட்டுவிட்டு, "நம்பிக்கையா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்பேன். அந்தக் கடைசி வாக்கியம் எந்தத் திருமுறையிலும் இல்லை. அது என் கைச்சரக்கு.

அந்தக் கைச்சரக்கை எனக்கே மற்றவர்கள் கொடுக்கும்படி ஆனது ஐம்பத்தேழாம் வயதில். இருமல். கற்பூரப் புகை என்றார்கள். மார்கழிப் பனியில் திருவெம்பாவை பாடியதால் என்றார்கள். அருணகிரிநாதரின் திருத்தணித் திருப்புகழ் ஒன்று இருமல் என்ற சொல்லிலேயே தொடங்கி, நீரிழிவு, சோகை, தீராத தலைவலி என்று வரிசையாக வியாதிகளைச் சொல்லிக்கொண்டு போகும். அதையும் பாடிப் பார்த்தேன். சாயங்காலமானால் உடம்பு கதகதக்கும். இராத்திரி வேட்டி நனைய வியர்க்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி வாங்கி அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே வெள்ளைத் திட்டு. டிபி. என் தாத்தா காலத்தில் சயரோகம் என்பார்கள், அதைச் சொல்லும்போது குரலும் இறங்கிவிடும். மூச்சை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்க வந்தவர்கள் திண்ணையோடு நின்றார்கள். அது சரிதான், கிருமி பரவுகிற நோய். ஆனால் நின்ற இடத்திலிருந்தே ஒரே மாதிரி சொன்னார்கள்: "மனசைத் தளர விடாதீங்க. பாதி வியாதி மனசுலதான் இருக்கு." உள்ளே படுத்துக்கொண்டு எனக்கு ஒரே யோசனை. பாதி வியாதி மனதில் என்றால், சளியில் கண்ட கிருமி எந்தப் பாதியைச் சேர்ந்தது?

நம்பிக்கையைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதை நான்தான் சொல்ல வேண்டும். நம்பிக்கை கிருமியைக் கொல்லாது. கொல்லுமானால் புதுமைப்பித்தன் பிழைத்திருப்பார். ஒரு கதையில் கடவுளையே சென்னைக்கு வரவழைத்துக் காப்பிக் கடையில் உட்கார வைத்த மனிதர் அவர். அந்த மனதில் எந்தத் தெம்புக்குக் குறைச்சல்? 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் இதே காச நோயில் போனார், வயது 42. ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்து அப்போது ஐந்து வருடம் முழுதாக ஆகவில்லை. அவருக்குக் குறைந்தது மருந்து.

சரி, அவர் எழுத்தாளர், உடம்பைப் பேணியவர் இல்லை என்று சிலர் சொல்லலாம். மன அடக்கத்துக்கு ரமண மகரிஷியை விட யாரைக் காட்டுவது? இடது கையில் ஒரு கட்டி. 1949இல் நான்கு தடவை அறுத்தார்கள், ரேடியம் வைத்தார்கள், பச்சிலையும் பார்த்தார்கள். அது சார்க்கோமா. 1950 ஏப்ரல் 14 இரவு அடங்கினார். அவருக்கு மனக் கட்டுப்பாடு போதவில்லை என்று சொல்ல எவனுக்காவது நா எழுமா? ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு நெசவு வீட்டுப் பெண்ணுக்கு இதையேதான் சொன்னார்கள். சர்க்கரையும் இருந்தது, டிபியும் வந்தது. ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. அப்படியும் போய்விட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலிலேயே பேசினார்கள், "அவளுக்கு மனோதைரியம் பத்தல." செத்தவளுக்குக் கொள்ளியோடு இந்தப் பழியையும் சேர்த்து வைத்தார்கள். நம்பிக்கை குணமாக்கும் என்று சொல்வதில் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. பிழைத்தவனுக்கு அது மாலை, பிழைக்காதவளுக்கு அது குற்றப்பத்திரிகை.

என் மகள் நர்ஸ் வேலையில் இருக்கிறாள். நான் இப்படிப் புலம்பியபோது அவள் ஓர் ஆய்வை எடுத்துப் படித்துக் காட்டினாள். 2007இல் அமெரிக்காவில் வெளியானது. தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் வந்த 1,093 பேரின் மனநிலையைச் சிகிச்சைத் தொடக்கத்தில் கேட்டு வைத்து, யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். தெம்பாக இருந்தவர்களுக்கும் சோர்ந்திருந்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் வருத்தம் வரவில்லை, ஓர் ஆறுதல்தான் வந்தது. சில இரவுகளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுததுண்டு. அந்த அழுகை என்னைக் கொன்றுவிடாது என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அப்படியானால் நம்பிக்கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது சேத்துப்பட்டில் நடந்த ஒரு காரியம்.

மருந்து வருவதற்கு முன்னால் காச நோய்க்குச் சானடோரியம்தான் வைத்தியம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒன்று தொடங்கினார். இங்கிலாந்தில் இருந்தபோது அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனும் தங்கியிருந்தார். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, கவலையில்லாத மனம், இவைதாம் அந்த வைத்தியத்தின் உயிர். மருந்து வந்த பிறகும் இவையெல்லாம் இல்லாமல் ஏழைக்குக் குணமாகாது என்றே உலகம் நினைத்தது. 1956இல் சென்னையில் காச நோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தலைமை. நகரத்தின் ஏழைப் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 200 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், பாதிப் பேரை அவரவர் குடிசையிலேயே வைத்துக்கொண்டு அதே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். ஒற்றை அறை, அரைவயிறு, அண்டையில் சண்டை, வேலைக்குப் போக வேண்டிய நிலைமை. 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் ஊர்க் குடிசைகள் ஒரு காரணம். இதை நாம் போதிய அளவுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்த நிலையத்திலிருந்து ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்கு வருவார்களாம். டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவார்களாம், சிறுநீரைச் சோதிப்பார்களாம். ஏனென்றால் மருந்தை வாங்கிக்கொண்டு போகிறவன் எல்லாம் அதை விழுங்குகிறவன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மருந்து இருக்கிறது, அது வேலை செய்கிறது, இனி எஞ்சி நிற்பது ஒரு மனிதன் தினமும் கையை வாய்க்குக் கொண்டுபோவானா என்ற கேள்விதான். நம்பிக்கைக்கு உத்தியோகம் கிடைக்கும் இடம் அது ஒன்றே.

எனக்கு உடம்பு எடை 43 கிலோ, அதனால் மூன்று மாத்திரை. ஒவ்வொன்றிலும் ரிபாம்பிசின் 150 மில்லிகிராம், ஐசோனியசிட் 75, பைரசினமைடு 400, எத்தாம்புட்டால் 275. நம்பிக்கை எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் போடவில்லை. விழுங்கியதும் குமட்டும். சிறுநீர் செம்பருத்திச் சாறாகப் போகும், முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, சந்நிதியில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. நான்கு மருந்தும் சேர்ந்தது இரண்டு மாதம், பிறகு மூன்று மருந்தோடு நான்கு மாதம்.

ஏன் இத்தனை காலம் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சாதாரணக் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காச நோய்க் கிருமிக்கு அதற்கு 15, 20 மணி நேரம் வேண்டும். சோம்பேறிக் கிருமி. அதிலும் சில ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். வளர்கிற கிருமியைத்தான் மருந்து சுலபமாக அடிக்கும். தூங்குகிறது என்றைக்கு எழுந்திருக்கும் என்று தெரியாது, அதனால் மருந்து விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். உயிரோடு ஒட்டிக் கிடக்கும் மூலமலம் பற்றிச் சித்தாந்தத்தில் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் சரியான பாடம் கேட்டேன்.

இந்த நோயின் சூழ்ச்சியே மூன்றாம் மாதத்தில்தான். காய்ச்சல் போய்விடும், இருமல் அடங்கும், பசி எடுக்கும். படுக்கையில் கிடக்கும்போது மாத்திரை போடுவதற்கு எந்தத் தவமும் தேவையில்லை, பயமே போட வைக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போது, குமட்டும் என்று தெரிந்தே அதைக் கையில் எடுப்பதுதான் கஷ்டம். எக்ஸ்ரே அறை வாசலில் எனக்குப் பழக்கமான ஒரு லாரி டிரைவர் இருந்தார். கலகலப்பான மனுஷன். என்னைப் பார்த்ததும், "சாமி, நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று தோளில் தட்டுவார். அவரிடம் இருந்த நம்பிக்கையில் கால்வாசி என்னிடம் இல்லை. மூன்றாம் மாதம், "தேறிட்டேன் சாமி, முருகன் பார்த்துக்கிட்டான்" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு லோடு ஏற்றிக்கொண்டு போனார். மறுவருடம் திரும்பி வந்தபோது பழைய மருந்து அவர் கிருமிக்குப் பழகிப்போயிருந்தது. இன்னொரு சிகிச்சை, இன்னும் கடுமையான மாத்திரைகள். அவரிடம் நம்பிக்கை அளவுக்கு மேலேயே இருந்தது. அது போய் முடிந்த இடத்தில் இருந்து வேலையைத் தொடங்க வேண்டிய அடக்கம்தான் அவரிடம் இல்லை. இப்போது இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். மருந்தும் ஒழுங்காக நடக்கிறதாம்.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் முழுக்கப் படித்துப் பார்த்தால், சாப்பாட்டில் அளவு பற்றித்தான் அதிகம். கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவன். பரிமேலழகர் அதற்கு உரை எழுதும்போது ஒவ்வொருவருக்கும் நான்கு தகுதி வைக்கிறார். நோயாளிக்கு அவர் கேட்பவை இவை. கையில் பொருள் இருக்க வேண்டும். வைத்தியன் சொன்ன வழியில் நிற்க வேண்டும். தன் நோய் எப்படி இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுக்க வேண்டும். இந்தப் பட்டியலில் தைரியம் என்பதே இல்லை. நோயைக் கண்டு அஞ்சாமை என்பது உண்டு, ஆனால் அதை அவர் வைத்தியன் தலையில் கட்டிவிட்டார். சரக சம்ஹிதையில் இதே நான்கு பங்கு வருகிறது. அங்கே அஞ்சாமையை நோயாளியிடமே கேட்கிறார்கள். நான் பரிமேலழகர் கட்சி. அவரை வைணவர் என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும். பயப்படாதே என்று நோயாளியிடம் சொல்வது சுலபம். பயப்படுகிறவன் பயந்துகொண்டே மாத்திரை போடலாம், அதனால் மருந்து குறைவாக வேலை செய்துவிடாது. பயப்படக் கூடாதவர் அவனுடைய எக்ஸ்ரேயைக் கையில் வைத்திருப்பவர். பொருளை முதலில் வைத்தாரே, அங்கேதான் அவர் பெரியவர். வயிற்றில் ஒன்றுமில்லாதவனிடம் மனவலிமை பற்றிப் பேசாதே என்பது அதன் அர்த்தம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதாக அவர் கேட்டது, நோயை எடுத்துச் சொல்வது. படுத்திருந்தபோது எனக்கு இது ஒரு திறப்பாக இருந்தது. அப்பரின் திருவதிகைப் பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் எத்தனையோ நோயாளிகளுக்காகப் பாடியவன் நான். மந்திரம் என்றே நினைத்துப் பாடினேன். நோயாளியாகக் கிடந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது அது ஒரு நோயாளியின் வாக்குமூலமாகக் கேட்டது. வலி எங்கே இருக்கிறது, குடலோடு எப்படிச் சுருட்டிப் பிடிக்கிறது, எவ்வளவு தாங்க முடியவில்லை என்று வைத்தியனிடம் சொல்வதைப் போலவே சொல்கிறார். தைரியமாக இருக்கிறேன் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. முடியவில்லை என்றுதான் சொல்கிறார். சேக்கிழார் கதையில் அதற்கு முன்னால் நடந்ததும் முக்கியம். பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் சூலை வந்து துடித்தவர், முதலில் சமையல்காரனை அனுப்பி அக்காவுக்குச் செய்தி சொல்கிறார். அக்கா திலகவதியார் அங்கே வர மறுக்கிறார். இவரே இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து வருகிறார். அந்த வயிற்றோடு நடந்ததை நான் நம்பிக்கை என்பேன்.

சுந்தரர் இன்னும் ஒரு படி மேலே. திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியபோது இரண்டு கண்ணும் போனது. வழியில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றது திருவாரூர் போன பிறகுதான். குணம் என்பது அவருக்கே தவணையில்தான் வந்திருக்கிறது. ஆரூரில் மற்றக் கண்ணுக்காகப் பாடிய பதிகம் செந்துருத்திப் பண், தேவாரத்தில் அந்தப் பண்ணில் அமைந்தது அது ஒன்றுதான். அதில் கெஞ்சல் இல்லை, சண்டை. உனக்கே அடிமை என்று வந்தவர்களை இப்படி வைத்துக்கொண்டு நீர் மட்டும் சௌக்கியமாக இரும் என்று முகத்துக்கு நேரே சொல்கிற தொனி. நல்லதை எதிர்பார்ப்பவன் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எதுவும் கிடைக்காது என்று முடிவு கட்டியவன் சண்டை போட மாட்டான், சும்மா படுத்துவிடுவான். என் மனைவியிடம் நான் எரிந்து விழுந்த நாட்களை இப்படிச் சொல்லித்தான் சமாளித்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"விதி" என்ற பேச்சுக்கு வருகிறேன். அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்த நோயும் முடிவதில்லை. முன்வினை, அனுபவிக்க வேண்டியதுதான் என்று எனக்கும் சொன்னார்கள், சொன்னவர்களில் சைவம் படித்தவர்களும் உண்டு. அவர்கள் திருநீலகண்டப் பதிகத்தை ஒரு தடவையாவது பொருளோடு படித்திருக்க வேண்டும். சம்பந்தரின் கூட்டம் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது திருச்செங்கோட்டில் தங்கியிருக்கிறது. பனிக்காலம், அடியார்களுக்குக் குளிர்காய்ச்சல். இந்த நிலத்தின் இயல்பு இது என்று சொல்லப்படுகிறது. நிலத்தின் இயல்பாகவே இருக்கட்டும், நம்மை அது தொட வேண்டாம் என்று சம்பந்தர் பாடுகிறார். எடுத்த எடுப்பிலேயே அவர் பிடித்துக்கொள்வது விதி பேசுகிறவர்களைத்தான். அந்த வினைக்கு இந்த வினை என்று கணக்குச் சொல்லத் தெரிந்த நீங்கள், தப்பிக்கிற வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத்தானே குறை என்கிறார். வினையை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டு கையைக் கட்டுவதைத்தான் மறுக்கிறார். அடுத்த பாட்டில் சோலை வைப்பதையும் குளம் வெட்டுவதையும் சொல்லி, அதோடு இரண்டு பொழுதும் பூப் பறித்து வணங்குவதையும் சேர்க்கிறார். இரண்டு பொழுதும் என்பதைக் கவனிக்க வேண்டும். மனம் வந்தபோது என்று சொல்லவில்லை.

கோயில்காரனுக்கு இது புதிதில்லை. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலசந்தி காலசந்திதான், அர்த்தசாமம் அர்த்தசாமம்தான். கேட்க ஆளில்லாமல் நந்திக்கும் வவ்வாலுக்கும் பாடிய நாட்கள் எத்தனையோ. அன்றைக்கெல்லாம் பக்தி பொங்கியது என்று சொன்னால் பொய். நேரமானது, பாடினேன். மாத்திரையையும் அந்தக் கணக்கில் வைத்தேன். விடியற்காலையில் குளித்து, நீறு பூசி, வெறும் வயிற்றில் மூன்று. இன்றைக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் பாதி நாள் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். என்னைக் கேட்டால் சுயகட்டுப்பாடு என்பது பல்லைக் கடித்துக்கொண்டு மனதை அடக்குவது இல்லை. செய்ய வேண்டியதைத் தினமும் புதிதாக வாக்கெடுப்புக்கு விடாமல் இருப்பது. மாத்திரையை விடக் கடினமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பது. உரக்கப் பாடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். சாயரட்சை மணி எங்கள் வீடு வரை கேட்கும். தொண்டை தானாக எழும். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் வந்து பாடிக்கொண்டிருந்தான், பண் அங்கங்கே பிசகும். திருத்தாமல் படுத்திருந்தேனே, என் வாழ்க்கையில் நான் செய்த தவம் அது ஒன்றுதான்.

இதைக் கேட்டுவிட்டு மகள் இன்னொரு ஆய்வைச் சொன்னாள். 1980இல் அமெரிக்காவில் வெளியானது, மாரடைப்பு வந்த ஆண்களைப் பற்றியது. ஒரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அதை ஒழுங்காகப் போட்டவர்களில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் 15 சதவீதம். ஒழுங்கில்லாமல் போட்டவர்களில் 28. நான் துள்ளிவிட்டேன், பார்த்தாயா நியமத்தின் மகிமையை என்றேன். "அப்பா, வெறும் மாத்திரை காப்பாத்துச்சுன்னு கிளம்பிடாதீங்க. அதை ஒழுங்காப் போடுறவங்க மத்ததையும் ஒழுங்காச் செய்யிறவங்களா இருக்கலாம், வசதியானவங்களா இருக்கலாம், முதல்லயே கொஞ்சம் நல்லா இருந்தவங்களா இருக்கலாம்" என்று அடக்கிவிட்டாள். அவள் சொல்வது நியாயம். ஆனாலும் அந்த 13 சதவீதத்தை நான் மறக்கத் தயாரில்லை.

ஆறு மாதம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வந்தது. எக்ஸ்ரேயில் தழும்பு இருக்கிறது, அது போகாது என்றார்கள். மேல் ஸ்தாயியில் முன்பு நின்ற இடத்தில் இப்போது மூச்சு நிற்பதில்லை. சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். கொல்லிக்கு அது பாதகமில்லை. செந்துருத்தி கொஞ்சம் சிரமப்படுகிறது.

யார் குணமாக்கியது என்ற வழக்கு மட்டும் எங்கள் வீட்டில் தீரவில்லை. மகள் ரிபாம்பிசின் என்கிறாள். அப்படியானால் மாத்திரை கொடுக்கும் முன் எதற்குத் தினமும் என் நெற்றியில் நீறு இட்டாய் என்று கேட்டேன். "அது உங்களுக்கில்லப்பா, எனக்கு" என்றாள். தம்பிக்கு நீறு கொடுத்த திலகவதியார் எனக்கு ஞாபகம் வந்தார், சொல்லவில்லை, சொன்னால் கிண்டல் செய்வாள். என் மனைவிக்கு எங்கள் இரண்டு பேர் வாதத்திலும் அக்கறை இல்லை. ஆஸ்பத்திரியில் முட்டை சாப்பிடச் சொன்னார்கள். சைவ வீட்டில் அதற்கு வழியில்லை. அரசாங்கம் சத்துணவுக்கென்று மாதம் அனுப்பிய 1000 ரூபாயில் அவள் உளுந்தும் வேர்க்கடலையும் பாசிப்பயறும் வாங்கினாள். களி கிண்டினாள், உருண்டை பிடித்தாள், சுண்டல் செய்தாள், நான் போதும் என்றால் தட்டை எடுக்க விடமாட்டாள். ஜார்க்கண்டில் காச நோயாளிகளின் குடும்பங்களுக்குச் சத்தான உணவுப் பொட்டலம் கொடுத்துப் பார்த்ததில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வருவது 40 சதவீதம் போலக் குறைந்தது, நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று 2023இல் லான்செட் குழும இதழ்களில் வந்ததை மகள் தெரியாத்தனமாக அவளிடம் சொல்லிவிட்டாள். அதிலிருந்து பேச்சு நிற்கவில்லை. இப்போது எடை 51 கிலோ. யாராவது உடம்பு தேவலையா என்று விசாரித்தால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து பதில் சொல்கிறாள்: "எட்டு கிலோவும் என் உளுந்தங்களி!"